நெட்டில் தேடிக் கிடைத்த ‘108’: பெங்களூருவில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பெங்களூருவில் இருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். ராத்திரியில் வீட்டில் யாருக்காவது நெஞ்சுவலி வந்தால் ஆம்புலன்ஸ் நம்பரை நெட்டில் தேடாதீர்கள். 108 என்று நேரடியாக டயல் செய்யுங்கள், இல்லாவிட்டால் 112. தேடினால் மேலே வந்து நிற்கிற பத்து இலக்க நம்பர் அரசாங்கத்துடையது அல்ல. பெயரில் 108 என்று போட்டிருந்தாலும் சரி, ‘அரசு அங்கீகாரம்’ என்று எழுதியிருந்தாலும் சரி.

நாங்கள் ஆஸ்டின் டவுனில் குடியிருக்கிறோம். மாமனாருக்கு எழுபது தாண்டிவிட்டது, சர்க்கரையும் உண்டு. சாப்பிட்டுப் படுத்தவர் பதினோரு மணிவாக்கில் எழுந்து உட்கார்ந்து, நெஞ்சை என்னவோ அழுத்துகிறது என்றார். பனியன் முழுக்க வேர்வை. வீட்டுக்காரர் நைட் ஷிப்டில் இருந்தார், வீட்டில் நானும் மாமியாரும்தான். சத்தம் கேட்டு மாடி வீட்டுத் தம்பி ஓடி வந்தான். அவன் போனை எடுத்து ‘108 ஆம்புலன்ஸ்’ என்று தேடினான். மேப்பில் முதலில் வந்ததன் பெயரிலேயே 108 இருந்தது. 24 மணி நேர சேவை, நாலரைக்கு மேல் நட்சத்திரம், பக்கத்திலேயே கூப்பிடும் பட்டன். அமுக்கினான். அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். அது தெரிந்துதான் அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள்.

எடுத்தவர் முதலில் கன்னடத்தில் பேசினார், நாங்கள் பேசியதைக் கேட்டதும் நல்ல தமிழுக்கு மாறினார். “108தானே?” என்று கேட்டேன். “ஆமா சிஸ்டர், 108 சர்வீஸ்தான், சொல்லுங்க” என்றார். அரசு இதய ஆஸ்பத்திரியான ஜெயதேவாவுக்குப் போகவேண்டும் என்றேன். அடுத்து அவர் கேட்டது நோயாளிக்கு மூச்சு எப்படி இருக்கிறது என்று அல்ல. “இன்சூரன்ஸ் இருக்கா? கம்பெனி இன்சூரன்ஸா, நீங்களே எடுத்ததா?” என்றுதான் கேட்டார். அப்புறம், கவர்மென்ட் வண்டியெல்லாம் வெளியே போயிருக்கிறது, ஐசியூ வண்டி அனுப்புகிறேன், டீசலுக்கு ஆயிரம் ரூபாய் போனில் போட்டுவிடுங்கள், போட்டதும் வண்டி கிளம்பிவிடும் என்றார். தம்பி போட்டான். பணம் போய்ச் சேர்ந்தது ஒரு தனி ஆளின் பெயருக்கு.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உண்மையான 108-இல் யாரும் இன்சூரன்ஸ் கேட்கமாட்டார்கள், பணமும் கேட்கமாட்டார்கள். கர்நாடகத்தில் அது 2008-இல் ‘ஆரோக்ய கவசா’ என்ற பெயரில் ஆரம்பித்த மாநில அரசுத் திட்டம், முழுக்க இலவசம். இந்த இரண்டு கேள்வியில் எது வந்தாலும் போனை வைத்துவிட்டு நீங்களே 108 அடியுங்கள்.

வந்தது ஒரு சின்ன மாருதி வேன். மேலே நீல விளக்கு, பக்கவாட்டில் பெரிதாக ‘ஐசியூ’. உள்ளே டிரைவரைத் தவிர ஆள் கிடையாது. ஸ்ட்ரெச்சரைத் தூக்க நானும் மாடித் தம்பியும்தான் கை கொடுத்தோம். ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று இருந்தது. அதைத் திறக்கிற சாவி இல்லை. டிரைவர் சீட்டுக்கு அடியில் துழாவி ஒரு ஸ்பானரை எடுத்துத் திருகிப் பார்த்தார், அசையவில்லை. மாமனாரின் முகத்தில் மாஸ்க்கை மட்டும் மாட்டிவிட்டு “காத்து வருது, பயப்படாதீங்க பெரியவரே” என்றார். சிலிண்டரின் மீட்டர் முள் பூஜ்யத்தில் இருந்தது. ஈரப்பதத்துக்கு வைக்கிற பாட்டிலில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை, அடியில் வெள்ளையாக உப்புப் படிந்து காய்ந்து கிடந்தது. மூச்சுத் திணறும் மனிதனுக்கு மூக்கையும் வாயையும் சும்மா பிளாஸ்டிக்கால் மூடினால் எப்படி இருக்கும்? ஓசூர் ரோட்டில் ஏறுவதற்குள் மாமியார் அதைக் கழற்றிவிட்டார்.

எங்கள் வீட்டிலிருந்து ஜெயதேவா ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும். டெய்ரி சர்க்கிளில் பன்னேர்கட்டா ரோட்டுக்குத் திரும்பவேண்டிய வண்டி நேராகக் கோரமங்கலா பக்கம் போனது. “அண்ணா, ஜெயதேவா அந்தப் பக்கம்” என்றேன். அங்கே பெட் இல்லை, இப்போதுதான் போன் வந்தது, பக்கத்திலேயே நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது என்றார். அவருக்கு எந்த போனும் வரவில்லை, நான் பின்னாலேயேதானே உட்கார்ந்திருந்தேன். போய்ச் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரி வாசலில் வீல்சேரோடு ஆள் காத்திருந்தார், மாமனாரின் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார். அந்தப் பெயர் அவர்களுக்கு எங்கிருந்து போயிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். டிரைவர் 6,500 ரூபாய் கேட்டார். ஏற்கெனவே கொடுத்த ஆயிரம் புக்கிங்காம், அது இந்தக் கணக்கில் சேராதாம். பணத்தை எடுத்து வைக்கும்வரை ஸ்ட்ரெச்சரைக் கீழே இறக்கவில்லை. ரசீது கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதி நீட்டினார். உள்ளே போனால் கவுண்டரில் ஐம்பதாயிரம் டெபாசிட்.

என் மாமியார் அதிகம் படிக்காதவர். ஆனால் அன்றைக்கு அந்தக் கவுண்டரில் அவர் போட்ட சத்தத்தில்தான் காரியம் நடந்தது. “முதல்ல ஈசிஜி எடுங்கய்யா, காசப் பத்தி அப்புறம் பேசலாம்” என்றார். அவருக்குச் சட்டம் தெரியாது, ஆனால் சட்டமும் அதையேதான் சொல்கிறது. உயிருக்கு ஆபத்தான நிலையில் வருகிறவருக்கு உடனே சிகிச்சை தரவேண்டியது ஒவ்வொரு டாக்டரின் கடமை என்று 1989-இலேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஈசிஜி எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். அதற்குள் நான் வெளியே வந்து 108 அடித்தேன். ஆஸ்பத்திரி பெயரையும் பக்கத்து அடையாளத்தையும் கேட்டார்கள், மூச்சு எப்படி இருக்கிறது, நினைவு இருக்கிறதா என்று கேட்டார்கள். வண்டி வந்தது. டிரைவரோடு பயிற்சி பெற்ற ஒரு டெக்னீஷியனும் இருந்தார், சிலிண்டரில் காற்றும் இருந்தது. ஜெயதேவாவில் பெட் கிடைத்தது. ஸ்டென்ட் வைத்தார்கள், இப்போது காலையில் பூங்காவுக்கு நடந்து போய் வருகிறார்.

மாமனார் வீடு திரும்பிய பிறகு, இந்த ஆளை யார்தான் கேட்பது என்று விசாரிக்கக் கிளம்பினேன். ஒவ்வொரு இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள், உட்காரவும் சொன்னார்கள். ஓர் அலுவலகத்தில், 108 வண்டிதான் எங்கள் பொறுப்பு, தனியார் வண்டி இல்லை என்றார்கள். போக்குவரத்துப் பக்கம் கேட்டால், வண்டிக்கு எப்.சி. என்கிற தகுதிச் சான்று இருக்கிறதா, இன்சூரன்ஸ் இருக்கிறதா என்றுதான் நாங்கள் பார்ப்போம் என்றார்கள். இரண்டும் இருந்தன. ஆம்புலன்ஸ் என்றேதான் பதிவாகியிருந்தது. ஸ்டேஷனில், நீங்களே விரும்பித்தானே பணம் போட்டீர்கள் என்றார்கள்.

தெருவில் ஓடும் ஆட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்டிலிருந்து பெங்களூருவில் மீட்டர் 36 ரூபாயில் ஆரம்பிக்கிறது, அதற்கு மேல் கேட்டால் புகார் கொடுக்க இடம் இருக்கிறது. காரணம், ஆட்டோவுக்கு பர்மிட் உண்டு, பர்மிட்டோடு கட்டணமும் வந்துவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-வது பிரிவு ஆம்புலன்ஸுக்கு பர்மிட் தேவையில்லை என்று விலக்குக் கொடுத்திருக்கிறது. அவசரத்துக்கு ஓடுகிற வண்டி பேப்பருக்காகக் காத்திருக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். அந்த நல்ல எண்ணத்தில் புகுந்துகொண்டுதான் இந்த வியாபாரம் நடக்கிறது. கொரோனா சமயத்தில் ஆம்புலன்ஸ்காரர்கள் கொள்ளையடித்தபோது, மாநில அரசுகள் நியாயமான கட்டணத்தை நிர்ணயிக்கவேண்டும் என்று 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருடம் மே மாதம் டெல்லியில் முதல் 10 கிலோமீட்டருக்குச் சாதாரண வண்டி 1,500 ரூபாய், உயர்தர உயிர்காப்பு வண்டியே 4,000 ரூபாய் என்று வரம்பு கட்டினார்கள். சாவியில்லாத சிலிண்டரை வைத்துக்கொண்டு எங்களிடம் வாங்கியது மொத்தம் 7,500.

வண்டியின் தரத்துக்கும் அளவுகோல் இல்லாமல் இல்லை. ஏஐஎஸ் 125 என்று ஒரு வாகனத் தர விதி வைத்திருக்கிறார்கள், அதில் ஆம்புலன்ஸ் நான்கு வகை, அதில் மூன்று இங்கே முக்கியம். நோயாளியை ஏற்றி இறக்க மட்டும் ஆவது பி வகை, அடிப்படை உயிர்காப்புக் கருவிகள் இருப்பது சி, வென்டிலேட்டர் வரைக்கும் இருப்பது டி. ‘ஐசியூ’ என்று எழுதிக்கொள்வதற்கு ஸ்டிக்கர் கடையில் யாரும் அனுமதி கேட்பதில்லை.

இதில் எனக்கு எரிச்சல் மூட்டுவது இன்னொன்று. போன் பக்கத்தில் அரசாங்கம் வேலை செய்யாமல் இல்லை. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் ஒரே நம்பர் வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2015-இல் பரிந்துரைத்து, 112 வந்தது. 2018 நவம்பரில் இமாச்சலப் பிரதேசத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு மாநிலமாக வந்து சேர்ந்தது. பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியிலிருந்து பணம், மேற்பார்வை உள்துறை அமைச்சகம். பெங்களூருவில் 112 அடித்தால் போலீஸின் ஹொய்சளா ரோந்து வண்டி வருகிறதே, அது இதே ஏற்பாட்டில்தான். 108, 112 போன்ற மூன்று இலக்க எண்களைக் கொடுப்பது தொலைத்தொடர்புத் துறை மட்டும்தான். எவ்வளவு பணம் கொட்டினாலும் தனி ஆளுக்கு 108 கிடைக்காது. ஆனால் ஒரு சாதாரண சிம் வாங்கி, மேப்பில் ‘108’ என்று பெயர் வைத்து உட்கார்ந்துகொள்ள யாருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. நம்பருக்கு இத்தனை காவல், பெயருக்கு ஒரு காவலும் இல்லை.

சரி, புகார் எங்கே கொடுக்கலாம்? 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், பேச ஆள் கிடைத்தார், புகார் எண் கொடுத்தார்கள். தவறான விளம்பரம் என்று 2019-ஆம் வருட நுகர்வோர் சட்டத்தின்கீழ் கேட்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. போனில் போட்ட பணத்துக்கு சைபர் மோசடி உதவி எண் 1930, அதுவும் உடனே சொன்னால்தான் பிரயோஜனம். அந்த மொபைல் நம்பரைப் பற்றி தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் ‘சக்ஷு’ பகுதியில் எழுதலாம். மேப்பில் நாங்கள் பல பேர் சேர்ந்து புகார் செய்ததும் அந்தப் பெயர் காணாமல் போனது. கொஞ்ச நாளில் அதே நம்பர் வேறு பெயரோடு திரும்ப வந்துவிட்டது, இம்முறை ஒரு சாமி பெயரும் முன்னால் சேர்ந்திருக்கிறது.

வீட்டில் வயதானவர்களிடம் பட்டன் போன் இருந்தால் 5 அல்லது 9 பட்டனை அழுத்திப் பிடித்துப் பாருங்கள், 112-க்குப் போகவேண்டும். 2017 ஜனவரி முதல் விற்கும் போன்களில் இது இருக்கவேண்டும் என்று மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. போனதும் சோதித்துப் பார்த்தோம் என்று சொல்லிவிட்டு வையுங்கள், அவர்கள் ஒன்றும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். மாமனாரின் போனில் 108-ஐ ஸ்பீட் டயலில் போட்டு வைத்திருக்கிறோம்.

ஆஸ்டின் டவுன், விவேக் நகர், நீலசந்திரா, ஈஜிபுரா பக்கம் யாராவது இதே மாதிரி ஆளிடம் பணம் கொடுத்திருந்தால் அந்தத் துண்டுச் சீட்டையும், பணம் போன ஸ்கிரீன்ஷாட்டையும், கால் வந்து போன நேரத்தையும் அழித்துவிடாதீர்கள். ஒரே ஆளால் ஏமாந்த பலர் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து ஒரே மனுவாகப் போடலாம். எங்கள் மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. பெயர் சேர்க்க நினைப்பவர்கள் கீழே ஒரு வரி எழுதுங்கள், நானே கூப்பிடுகிறேன்.