எம்35ஏ2 ராணுவ லாரி: பல வருடம் ஓட்டிப் பராமரித்த அனுபவம்

எம்35ஏ2 வாங்க யோசிக்கிறவர்கள் யாராக இருந்தாலும் முதல் கேள்வி எஞ்சின், அடுத்த கேள்வி மைலேஜ். பிரேக்கைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. வெறும் வண்டியே கிட்டத்தட்ட 6 டன் எடை. இதை டெக்சாஸில் வருடக்கணக்காக ஓட்டி, அதைவிட அதிக நேரம் அதன் அடியில் படுத்துக் கிடந்த அளவில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: இந்த லாரிக்கு நீங்கள் செலவழிக்கிற கவனத்தில் பெரும்பங்கு பிரேக்குக்குப் போகவேண்டும். எஞ்சின் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லவில்லை, ஆனால் எஞ்சின் நின்றால் வண்டி ஓரமாக நிற்கும், பிரேக் போனால் வண்டி நிற்காது. அதனால் பிரேக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முன் வண்டி என்ன என்று சுருக்கமாக. அமெரிக்க ராணுவத்தின் இரண்டரை டன் லாரி, 1950-களின் தொடக்கத்தில் வந்த குடும்பம். ரியோ, ஸ்டுட்பேக்கர், கைசர் ஜீப், ஏஎம் ஜெனரல் என்று கைமாறிக் கைமாறிப் பல பத்தாண்டுகள் தயாரானது. வியட்நாம் போரில் சரக்கையும் ஆட்களையும் சுமந்தது பெரும்பாலும் இதுவும் இதன் அண்ணன் ஐந்து டன் லாரியும்தான். மூன்று ஆக்சில், மூன்றுக்கும் எஞ்சின் விசை போகும், பத்து டயர். கரடுமுரடான இடத்தில் 5,000 பவுண்டு, நல்ல சாலையில் 10,000 பவுண்டு வரை ஏற்றலாம். என்னுடையது ஏஎம் ஜெனரல் தயாரிப்பு, ராணுவம் கழித்துவிட்டு ஏலத்தில் போனதை அடுத்த கையாக வாங்கினேன். ஏலத்தில் போகிற வண்டிக்கு எஸ்எஃப்-97 என்ற அரசுச் சான்றிதழ் உண்டு, அதை வைத்துத்தான் மாநிலப் பதிவு வாங்கமுடியும். வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் காகிதத்தைப் பாருங்கள். பதிவு இல்லாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் தொடமாட்டேன்.

சரி, பிரேக். வழக்கமான பெரிய லாரிகளில் இருக்கிற முழு ஏர் பிரேக் இதில் இல்லை. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் கிளம்பும், வழியில் ஒரு பூஸ்டர் காற்றழுத்தத்தைக் கொண்டு அந்த ஆயிலுக்குப் பல மடங்கு வலு கொடுத்து ஆறு வீல் சிலிண்டர்களுக்கும் அனுப்பும். நன்றாக இருக்கும்போது பிரமாதமாகப் பிடிக்கும். சிக்கல் என்னவென்றால் ஆறு சிலிண்டருக்கும் ஒரே சுற்று. எங்கேயோ ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தாலோ ஒரு ஸ்டீல் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தாலோ பெடல் நேரே தரைக்குப் போய்விடும், முன்னாலும் பிடிக்காது, பின்னாலும் பிடிக்காது. மிச்சம் இருப்பது கியரை இறக்குவதும் கைபிரேக்கும்தான். அந்தக் கைபிரேக்கும் சக்கரத்தில் இல்லை, எஞ்சின் விசையை ஆக்சில்களுக்குப் பிரித்து அனுப்புகிற டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்டில் ஒரே ஒரு டிரம். நின்ற வண்டியை நிறுத்தி வைக்கத்தான் அது. வேகத்தில் போகிற வண்டியை அதை நம்பி நிறுத்தப் பார்க்கக்கூடாது.

எனவே வாங்கினவுடன் பெயிண்ட் அடிப்பது, கான்வாஸ் மாற்றுவது எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு எல்லா பிரேக் ஹோஸையும் புதிதாகப் போட்டேன். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தன, ஆனால் ரப்பரின் வயது கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் ஆயில். 1980-களின் தொடக்கத்தில் ராணுவம் சிலிகோன் பிரேக் ஆயிலுக்கு, அதாவது டாட் 5-க்கு மாறியது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற டாட் 3-ஐ அதன்மேல் ஊற்றினால் இரண்டும் சேராது, உள்ளே குழம்பிப்போய்ச் சீல்களைக் கெடுக்கும். முந்தைய சொந்தக்காரர் என்ன ஊற்றினார் என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால் முழுவதையும் வடித்து, கழுவி, ஒரே வகையை நிரப்புவதுதான் சரி. சிலிகோன் ஆயில் தண்ணீரை உறிஞ்சாது என்பது நல்லது மாதிரித் தெரியும். ஆனால் எப்படியோ உள்ளே போன தண்ணீர் அதில் கலக்காமல் தனியாகக் கீழே இறங்கி வீல் சிலிண்டரில் தங்கி அங்கேயே துருப்பிடிக்க வைக்கும். அதனால் சிலிகோன்தானே என்று விட்டுவிடாமல் அவ்வப்போது பிளீட் செய்யவேண்டும், அதாவது பழைய ஆயிலை வெளியே விட்டுப் புதிதாக நிரப்பவேண்டும்.

இன்னொன்று, ஓட்டுவதற்கு முன் வண்டியைச் சுற்றி வரும்போது பின்சக்கரங்களின் உள்பக்கத்தைக் குனிந்து பாருங்கள், டார்ச் அடித்துப் பாருங்கள். ஒருமுறை இடது பின்சக்கரத்தின் உள் டயரில், ரிம்மிலிருந்து வெளியே கதிர் மாதிரி ஈரக் கோடுகள் தெரிந்தன, தூசி அதன்மேல் ஒட்டிக் கருத்திருந்தது. விரலில் தொட்டு முகர்ந்தால் கந்தக வாடை. அப்படியென்றால் கியர் ஆயில். சிலிகோன் பிரேக் ஆயிலாக இருந்தால் வழவழப்பு மட்டும் இருக்கும், அந்த வாடை இருக்காது. சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்பின் சீல் போய், ஆக்சில் ஆயில் பிரேக் டிரம்முக்குள் கசிந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய டிரம்மை மட்டும் கழற்ற முடியாது, இந்த வண்டியில் டிரம் ஹப்புக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு டயரையும் இறக்கி, ஆக்சில் ஷாஃப்டை உருவி, வீல் பேரிங்கைப் பிடித்திருக்கிற எட்டு மூலைப் பெரிய நட்டை அதற்கென்றே இருக்கிற சாக்கெட் போட்டுக் கழற்றி, ஹப்பையும் டிரம்மையும் ஒன்றாக இழுக்கவேண்டும். தனி ஆளாகச் செய்கிற வேலை இல்லை. சீல் மாற்றும்போதே வீல் சிலிண்டரையும் மாற்றிவிட்டேன், பேரிங்குக்குப் புது கிரீஸ் வைத்தேன், ஆயில் ஊறின பிரேக் ஷூவைக் கழுவிப் போடாமல் புதிதாகவே போட்டேன். அந்த ஒரு சக்கரத்தோடு நிறுத்தாமல் மிச்சச் சக்கரங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபிறகுதான் சுமை ஏற்றி ஓட்டினேன்.

வீல் நட்டுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடம்புரி மரை. தெரியாமல் பெரிய பைப் போட்டுத் தலைகீழாகத் திருப்பி ஸ்டட்டை ஒடித்தவர்கள் நிறைய. பின்னால் ஜோடி டயர் என்பதால் உள் நட்டு தனி, வெளி நட்டு தனி. உள் நட்டை இறுக்கவேண்டுமென்றால் வெளி நட்டைத் தளர்த்திவிட்டுத்தான் இறுக்கமுடியும், வெளியே இருப்பதை மட்டும் இறுக்கிவிட்டுப் போனால் உள் டயர் ஆடிக்கொண்டே வரும். ரிம் விஷயத்தில் அதைவிட ஜாக்கிரதை தேவை. இது லாக் ரிங் வைத்த ரிம், டயரை ரிம்மில் பிடித்திருப்பது ஒரு தனி இரும்பு வளையம். காற்றடிக்கும்போது வளையம் சரியாக உட்காராமல் தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும். இரும்புக் கூண்டுக்குள் வைத்து, தள்ளி நின்று, நீளக் குழாயில்தான் காற்றடிக்கவேண்டும். எனக்குக் கூண்டு இல்லாததால் டயர் வேலையை லாரி டயர் கடையில்தான் கொடுக்கிறேன், இந்த ரிம்மைத் தொடத் தெரிந்த கடையாகத் தேடிப் போவேன்.

இப்போது எஞ்சின். கான்டினென்டல் நிறுவனம் வடிவமைத்த எல்டிடி-465, ஆறு சிலிண்டர், 7.8 லிட்டர், டர்போ. இவ்வளவு பெரிய எஞ்சினுக்கு சுமார் 130 குதிரைத்திறன்தான், ஆனால் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை நன்றாக இருக்கும். ஜெர்மனியின் எம்ஏஎன் நிறுவனத்தின் எரிமுறையைப் பின்பற்றியது, பிஸ்டன் தலையிலேயே உருண்டைக் குழி, கம்ப்ரெஷன் 22-க்கு 1. டீசல், விமான எரிபொருள், மண்ணெண்ணெய், வேறு வழியே இல்லையென்றால் பெட்ரோல் என்று பலதையும் எரிக்கும், போர்க்களத்தில் கிடைத்ததை ஊற்றி ஓட்டவேண்டும் என்பதற்காகச் செய்தது. இதைக் கேட்டவுடன் பழைய எஞ்சின் ஆயிலை வடிகட்டி டீசலில் கலந்து ஓட்டலாம் என்று பலர் கிளம்பிவிடுகிறார்கள். ஓடும், நானே ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஃபில்டர் அடைத்துக்கொண்டே இருக்கும், இன்ஜெக்டரிலும் பம்ப்பிலும் என்ன தேய்கிறது என்று வெளியே தெரியாது. இந்தப் பம்ப்பைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். மிச்சமாகிற டீசல் காசு அந்தக் கவலைக்கு ஈடாகாது என்பது என் கருத்து, நான் சுத்தமான டீசல் மட்டும்தான் போடுகிறேன்.

லிட்டருக்கு மூன்றரை முதல் நான்கு கிலோமீட்டர் வரும், சுமை ஏற்றினால் இன்னும் குறையும். எஞ்சின் ஆயில் மாற்ற 20 லிட்டருக்கு மேல் வேண்டும்.

இந்த எஞ்சினை அழிக்கிற வழி ஒன்று உண்டு, 2,600 ஆர்பிஎம்மைத் தாண்டவிடுவது. மேட்டில் ஏறும்போது எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னர் பார்த்துக்கொள்ளும், இறக்கத்தில்தான் ஆபத்து. கீழ் கியரில் வண்டியின் எடை எஞ்சினைத் தள்ளும்போது கவர்னரால் ஒன்றும் செய்யமுடியாது, கனெக்டிங் ராடு பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த எஞ்சின்களுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அதனால் இறக்கத்துக்கு முன்பே சரியான கியரைப் பிடித்து, முள்ளைப் பார்த்துக்கொண்டே இறங்கவேண்டும். அணைக்கும்போது உடனே அணைக்கக்கூடாது. மூன்று முதல் ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு டர்போ ஆறினபிறகு ஸ்டாப் கைப்பிடியை இழுக்கவேண்டும். சாவி கிடையாது இதில். சுவிட்சைத் தள்ளினால் டேங்குக்குள் இருக்கிற பம்ப் முனகுகிற சத்தம் கேட்கும், ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் எஞ்சின் பிடிக்கும், காற்றழுத்தம் ஏறுகிறவரை பஸ்ஸர் கத்திக்கொண்டிருக்கும். அது அடங்காமல் வண்டியை நகர்த்தவே கூடாது.

ஓட்டுவது எப்படி இருக்கும்? பவர் ஸ்டீயரிங் இல்லை. நகர்ந்துகொண்டிருந்தால் பரவாயில்லை, நின்ற இடத்தில் திருப்பினால் தோள் பேசும். உச்ச வேகம் மணிக்கு 56 மைல், எனக்கு வசதியான வேகம் 45. அதனால் ஃப்ரீவேயில் ஏறுவதில்லை, டெக்சாஸின் ஃபார்ம் டு மார்க்கெட் என்கிற கிராமப்புறச் சாலைகள் இதற்கென்றே போட்டதுபோல இருக்கின்றன. அந்தச் சாலைகளில் ஐந்தாவது கியரில், டர்போ விசிலடிக்க, இரண்டு பக்கமும் மேய்ச்சல் நிலம் ஓடிக்கொண்டிருக்கப் போவது எனக்கு அவ்வளவு பிடிக்கும். காதுக்கு அடைப்பான் கட்டாயம் வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் கொடுங்கள். கோடையில் கேபின் தரையிலிருந்து வருகிற சூடு தாங்கமுடியாது, ஜூலை ஆகஸ்டில் விடிகாலையில் மட்டும்தான் எடுப்பேன். பழைய ராணுவ டயர் மண்ணில் நன்றாகப் பிடிக்கும், மழை பெய்த தார்ச்சாலையில் வழுக்கும். முன்னால் போகிற காருக்கு நாம் எவ்வளவு இடைவெளி விட்டாலும் நடுவில் யாராவது வந்து நுழைவார்கள், கோபப்படாமல் மறுபடி இடைவெளி விடவேண்டும், வேறு வழி கிடையாது.

2017-இல் ஹார்வி புயலில் ஹூஸ்டன் மூழ்கியபோது இதுமாதிரிப் பழைய ராணுவ லாரி வைத்திருந்த தனியாட்கள் தெருத்தெருவாகப் போய் ஆட்களை ஏற்றி வந்தார்கள். அதைப் பார்த்துத்தான் பலருக்கு வாங்கும் ஆசை வந்தது, எனக்கும்தான். ஆனால் கூடுதல் சாதனம் பொருத்தாத வண்டிக்கு 30 அங்குலத் தண்ணீர்தான் கணக்கு. தண்ணீரில் இறங்கி வந்தால் வேலை முடிந்தது என்று நிறுத்திவிடக்கூடாது, ஆக்சில் ஆயிலைத் திறந்து பார்க்கவேண்டும். பால் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, மாற்றியாகவேண்டும். முன் ஆக்சிலின் திரும்புகிற மூட்டுகளை மூடியிருக்கிற ரப்பர் உறையும் கிழியாமல் இருக்கவேண்டும்.

மெக்கானிக்கிடம் விட்டு எடுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பில் இதை வாங்காதீர்கள். சாதாரண கடைகளில் 24 வோல்ட் வயரிங்கையும் மூன்று நெம்புகோல் வைத்த லைட் சுவிட்சையும் பார்த்தாலே கையை விரித்துவிடுவார்கள். நான் விசாரித்துப் போன ஒரு கடையில் பிரேக்கைத் திறந்து பார்க்காமலே எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தார்கள். அன்றிலிருந்து பிரேக்கில் என்னைத் தவிர வேறு யாரும் கைவைப்பதில்லை. நல்ல விஷயம் என்னவென்றால் ராணுவத்தின் கையேடுகள் எல்லோருக்கும் கிடைக்கின்றன. ஓட்டுநருக்கு டிஎம் 9-2320-361-10, பராமரிப்புக்கு அதே வரிசையில் 20. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் எங்கேயோ ஒரு முகாமில் வெயிலில் நின்றுகொண்டு படித்துச் செய்யவேண்டும் என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள், ஒவ்வொரு படியும் படத்தோடு இருக்கும். எந்த கிரீஸ் நிப்பிளுக்கு எத்தனை மைலுக்கு ஒருமுறை என்பதற்குத் தனியாக ஒரு அட்டவணையே உண்டு. நான் இதுவரை பயன்படுத்திய எந்த வண்டிக்கும் இவ்வளவு நேர்மையான கையேடு வந்ததில்லை.

வாங்கப் போகிறவர்கள் இதைச் செய்து பாருங்கள். எஞ்சினை ஓடவிட்டுக் காற்றழுத்தம் முழுதாக ஏறினபிறகு அணையுங்கள். முள் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று சில நிமிடம் பாருங்கள், ஒரு ஆளை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு வண்டியைச் சுற்றி நடந்து எங்கே காற்று சீறுகிறது என்று கேளுங்கள். மிதித்துப் பிடித்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே போகிறதா என்றும் கேளுங்கள். பிறகு பத்து டயரின் உள்பக்கமும். பெயிண்ட், சீட், கான்வாஸ் எதையும் அதுவரை பார்க்கவேண்டாம். நான் அடுத்துச் செய்யப்போவது மாஸ்டர் சிலிண்டரை மாற்றி முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிச் சுற்றாகப் பிரிப்பது. இந்த வண்டி வைத்திருப்பவர்கள் பலர் செய்திருக்கிறார்கள். குழாய் வேலை கொஞ்சம் இருக்கிறது, குளிர்காலத்தில் ஆரம்பிக்கிறேன்.