21 நாள் போர்டிங், மூன்றரை கிலோ குறைவு: புதுச்சேரி, கடலூர் பக்கம் நாயை விடப் போகிறவர்கள் கவனத்துக்கு

மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூரு கிளம்பிய கடலூர் மஞ்சக்குப்பத்துக் குடும்பம் ஒன்று, இரண்டு வயது லாப்ரடாரை 21 நாளுக்குப் புதுச்சேரிப் பக்கம் ஓர் இடத்தில் விட்டது. போர்டிங்கும் ட்ரெயினிங்கும் சேர்த்து 21,000 ரூபாய். முழுப் பணமும் முன்கூட்டியே, ஒரு தனி ஆளின் ஜிபே எண்ணுக்கு. ரசீது கிடையாது. "கவலையே படாதீங்க சார், நம்ம வீட்டுப் புள்ள மாதிரி பாத்துக்குறோம்" என்ற வாய்வார்த்தைதான் ஒப்பந்தம். போகும்போது நாயின் எடை 31 கிலோ, வந்தபோது 27.5.

இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. புதுப் பெயரில் பலகை எழுத அரை நாள் போதும். அந்த நாயின் உடம்பில் என்ன இருந்தது, எதனால் வந்தது என்று தெரிந்துகொண்டால் எந்தப் பெயரில் வந்தாலும் அடையாளம் தெரியும்.

கழுத்து முடியை விலக்கினால், சுற்றிலும் ஒரே இடைவெளியில் புள்ளி புள்ளியாகக் காய்ந்த பொருக்கு. உள்பக்கம் முள் வைத்த காலரைப் போட்டுச் சுண்டினால்தான் இப்படி வரும். சாதாரண பெல்ட் உராய்ந்தால் கோடாக முடி கொட்டும், புள்ளியாக வராது. இரண்டு முழங்கைகளிலும் தோல் வழன்றிருந்தது. விரிப்பு இல்லாத சிமெண்ட் தரையில் நாள் முழுக்கக் கிடந்ததன் அடையாளம். அடிவயிறும் பின்தொடையின் உள்பக்கமும் சிவந்து, முடி பிசுபிசுவென்று இருந்தது. சிறுநீரிலேயே படுத்த நாய்க்கு அங்கே இப்படிப் புண்ணாகும். மூக்குத்தண்டின் மேல் முடி தேய்ந்திருந்தது, முன்கால் நகம் இரண்டு பிளந்திருந்தது. கம்பிக்கு இடையே மூக்கை நுழைத்து, கதவைப் பிறாண்டியிருக்கிறது. அவர்கள் விளம்பரத்தில் முதல் வரி: "கேஜ் கிடையாது, வீட்டுச் சூழல்."

சாப்பாட்டுக் கணக்கு இன்னும் எளிது. 31 கிலோ லாப்ரடாருக்கு உலர் தீவனம் நாளுக்குச் சுமார் 400 கிராம், 21 நாளுக்கு 8.4 கிலோ. குடும்பம் கொடுத்துவிட்டது பத்து கிலோ பை. ஒன்றரை கிலோவாவது திரும்பியிருக்க வேண்டும். காலிப் பைகூட வரவில்லை. இப்படிப்பட்ட இடங்களில் பை வேறு எங்கோ போகும், நாய்க்குக் கறிக்கடைக் கழிவும் சோறும் கிடைக்கும். கோழித் தலையும் காலும் சரியாக வேகாமல் உள்ளே போனால் இரண்டாம் நாளே வயிற்றுப்போக்கு வரலாம். வயிறு போகிற நாய்க்கு "பட்டினி போட்டால் சரியாகிவிடும்" என்று ஒரு வைத்தியம் வேறு.

ட்ரெயினிங் என்ன ஆனது? ஒப்படைக்கும்போது வாசலில் நின்று ட்ரெயினர் கையை உயர்த்தினார், நாய் உட்கார்ந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். வீட்டில் அதே கையை உயர்த்தினால் உட்காரவில்லை. காதைப் பின்னுக்கு மடக்கி, வாலைக் கால் இடுக்கில் செருகி, தரையோடு ஒட்டிக்கொண்டு சிறுநீர் விட்டது. அது அடிபட்டதன் ஞாபகம், படித்த பாடம் இல்லை. நிஜமாகக் கற்ற நாய் சொன்னதைச் செய்துவிட்டு முகத்தைப் பார்க்கும், வால் தளர்வாக ஆடும். பயந்த நாய் உதட்டை நக்கும், கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும். அதனால் ஒப்படைக்கும்போது காலரையும் செயினையும் கழற்றிவிட்டுச் செய்து காட்டச் சொல்லுங்கள். பிறகு அதே வார்த்தையை நீங்கள் சொல்லிப் பாருங்கள். "சார், அதுக்கு என் குரல்தான் பழக்கம்" என்று பதில் வந்தால் நீங்கள் பணம் கொடுத்த வேலை நடக்கவில்லை.

இன்னொன்று, நல்ல ட்ரெயினரே எடுத்தாலும் அங்கே கற்றது வீட்டில் தானாக வந்துவிடாது. நாய்க்கு இடமும் பாடத்தில் சேர்த்தி. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் நாளுக்கு மூன்று நான்கு தடவை, தடவைக்கு ஐந்து பத்து நிமிடம் பழக்கிவிட்டு, கடைசி நாட்களில் வீட்டுக்காரரையும் கூப்பிட்டு வைத்துச் சொல்லித்தருவார்கள். அந்த வகுப்பு எத்தனை தடவை, யார் வீட்டில் என்று முதலிலேயே கேளுங்கள். "பதினைந்து நாளில் கியாரண்டி" என்பவர் வேறு வழியில் சாதிக்கப் போகிறார். நாய்ப் பயிற்சியாளர் என்று பலகை வைக்க நம் ஊரில் எந்தத் தேர்வும் கட்டாயமில்லை, சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ் பிரிண்ட் கடையிலும் கிடைக்கும்.

வாட்ஸ்அப் வீடியோக்கள் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முக்கால்வாசிப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். 21 நாளில் ஒன்பது வீடியோ வந்திருந்தது. வரிசையாகப் போட்டுப் பார்த்தால் ஒன்பதிலும் சுவரில் அதே ஈரத் திட்டு, மூலையில் அதே ஒற்றைச் செருப்பு, அதே கோணத்தில். ஒரே நாளில் எடுத்து நறுக்கி அனுப்பியிருக்கிறார்கள். ஐப்பசி மழைக்குக் கடலூரில் பள்ளி விடுமுறை விட்ட நாளில் வந்த வீடியோவில் நாய் புழுதித் தரையில், கூர்மையான நிழலோடு நிற்கிறது! வானிலையைப் பார்த்தாலே பாதிப் பொய் வெளிவந்துவிடும். முன்பே சொல்லாமல் வீடியோ கால் போடுங்கள், சாப்பிடும் நேரத்தில் ஒரு தடவை, இரவு பத்து மணிக்கு ஒரு தடவை. நாய் எப்போது பார்த்தாலும் சொக்கிப்போய், கண்ணின் உள்மூலையிலிருந்து மெல்லிய சவ்வு பாதிக் கண்ணை மூடியபடி இருந்தால், குரைக்காமல் இருக்க மயக்க மருந்து கொடுக்கிறார்களா என்று நேராகவே கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் அந்த லாப்ரடார் சாப்பாட்டை நிறுத்தியது. காய்ச்சல் 104 டிகிரி, ஈறில் சிவப்புப் புள்ளிகள், மறுநாள் மூக்கில் ரத்தம். ரத்தத் தட்டுகள் (பிளேட்லெட்) 36,000. ஆரோக்கியமான நாய்க்கு இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல். டாக்சிசைக்ளின் மாத்திரை 28 நாள் கொடுக்க வேண்டியதாயிற்று. காது மடலுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் உண்ணி கொத்துக் கொத்தாக இருந்தது. "உங்க வீட்டிலேயே இருந்திருக்கும்" என்றார்கள் போர்டிங்காரர்கள். உண்ணி கடித்து நோய் வெளித்தெரிய எட்டிலிருந்து இருபது நாள் ஆகும் என்பதால் கணக்கு அங்கே தங்கிய நாட்களைத்தான் காட்டுகிறது. ஆனாலும் இந்தக் கிருமி சில நாய்களில் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். விடுவதற்கு முந்தைய வாரம் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவைத்திருந்தால் வாக்குவாதத்துக்கே இடமில்லை. உண்ணி மாத்திரையையும் அப்போதே கொடுத்துவிடுங்கள். ஒரு மாதம் நிற்பதும் உண்டு, பன்னிரண்டு வாரம் நிற்பதும் உண்டு. தடுப்பூசிகள் குறைந்தது இரண்டு வாரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். எலிக்காய்ச்சலுக்கான ஊசி ஒரு வருடம் தாண்டக் கூடாது, மழைக்காலத்தில் இது விளையாட்டில்லை. பல நாய்கள் கூடும் இடம் என்பதால் கெனல் இருமலுக்கு மூக்கில் விடும் மருந்தும் உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். உங்கள் தடுப்பூசி அட்டையைக் கேட்காமலேயே நாயை வாங்கிக்கொள்ளும் இடம் பக்கத்துக் கூண்டு நாயிடமும் கேட்டிருக்காது.

சரி, நாய் உண்மையில் எங்கே இருந்தது? பேசி முடித்தது ஊருக்குள் ஒரு மாடி வீட்டில். இரண்டாம் நாளே சவுக்குத் தோப்பை ஒட்டிய சிமெண்ட் ஷீட் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். இந்த மாற்றிவிடும் வேலை சாதாரணமாக நடக்கிறது. விடுமுறை நாளில் இருபது நாய்க்குப் பணம் வாங்கி, எட்டு நாய்க்குத்தான் இடம் என்றால் வேறென்ன செய்வார்கள்? அதனால் நாய் இரவில் படுக்கும் இடத்தைப் பாருங்கள், வரவேற்பறையை அல்ல. காலை ஆறரைக்குப் போனால் கழுவுவதற்கு முந்தைய நிலை தெரியும். நெடி கண்ணைக் கரித்தால் சிறுநீர் வடிய வழியில்லை. எதைக் கொண்டு கழுவுகிறார்கள் என்று கேளுங்கள். பினாயிலுக்கு, நாய்க்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ கிருமி சாகாது. பிளீச் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். இரவு அங்கேயே தூங்கும் ஆள் யார் என்று கேளுங்கள். வாட்ச்மேன் என்றால், நாய்க்கு வலிப்பு வந்தால் அவர் எந்த டாக்டரைக் கூப்பிடுவார் என்றும் கேளுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்றால் தரைமட்டம் முக்கியம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரி மிதந்தது, அடுத்த நாட்களில் தென்பெண்ணை கடலூரைச் சூழ்ந்தது. அப்போது தண்ணீர் எதுவரை வந்தது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள், சுவரில் கோடு இருக்கும். பூட்டிய கூண்டில் இருக்கும் நாயால் நீந்த முடியாது. தீபாவளிக்கு விடுவதாக இருந்தால் வாசல் கேட்டுக்கு உள்ளே இன்னொரு கதவு இருக்கிறதா என்று பாருங்கள். வெடிச்சத்தத்தில் ஓடும் நாய் திரும்பிப் பார்க்காது.

எழுத்தில் வாங்க வேண்டியவை: தங்கும் முகவரி, வேறு இடத்துக்கு மாற்றக் கூடாது என்ற வரி, எடை, தீவன அளவு, முள் காலரும் அடியும் கூடாது என்ற வரி, உடம்பு சரியில்லை என்றால் எந்த டாக்டர், எவ்வளவு செலவு வரை கேட்காமல் செய்யலாம் என்பது. பாதிப் பணம் மட்டும் முன்பணம். விலாசத்தில் "பாண்டிச்சேரி" என்று போட்டிருந்தாலும் கோட்டக்குப்பமும் பொம்மையார்பாளையமும் விழுப்புரம் மாவட்டம், ரெட்டிச்சாவடி கடலூர் மாவட்டம். போலீஸ் ஸ்டேஷன் மாறும். நுகர்வோர் ஆணையத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம், நீங்கள் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. முதலில் 1915க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பதும் பட்டினி போடுவதும் 1960 மிருகவதைத் தடைச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம்தான். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை, அதை வைத்து யாரும் பயப்பட மாட்டார்கள்.

கூட்டிவரப் போகும்போது பகலில் போங்கள். "நைட்டு நாங்களே வண்டியில கொண்டாந்து விட்டுடறோம் சார்" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த லாப்ரடார் வந்தது இரவு ஒன்பதரைக்கு, குளிப்பாட்டி, பவுடர் போட்டு. கழுத்துப் பொருக்கை மறுநாள் காலை வெயிலில்தான் பார்த்தார்கள். மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் கழுத்து, முழங்கை, அடிவயிறு, காது, விரலிடுக்கு ஆகியவற்றை அவர்கள் கண்முன்னே போட்டோ எடுத்துவிட்டு, நேராகக் கால்நடை மருத்துவமனைக்குப் போய் எடை போட்டு அட்டையில் எழுதி வாங்குங்கள். குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடைக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, புதுச்சேரியிலிருந்து வீடு திரும்பும் முன் அங்கே ஓர் எட்டு போய்வரலாம்.