சங்கத் தேர்தலுக்கு ஹீலியோஸ்: சாவியை யாரிடம் ஒப்படைப்பது?

சமூக மன்றத்தில் கூடிக் கைதூக்கிச் செயலவையைத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்திலிருந்து இணைய வாக்களிப்புக்கு மாற நினைக்கும் சிங்கப்பூர்த் தமிழ்ச் சங்கங்களுக்கு நான் பரிந்துரைப்பது, பென் அடீடா 2008இல் வெளியிட்ட ஹீலியோஸ் என்னும் கட்டணமில்லாத மென்பொருளைத்தான். எங்கள் சங்கத் தேர்தலில் பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

தேர்தல் அதிகாரியை நம்பியிருக்க வேண்டிய தேவையை இது பெருமளவு குறைத்துவிடுகிறது. வாக்கு உறுப்பினரின் உலாவியிலேயே மறையாக்கம் செய்யப்பட்டு (அதாவது சாவி இல்லாமல் எவரும் படிக்க முடியாத வடிவத்துக்கு மாற்றப்பட்டு), எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறி திரையில் தோன்றுகிறது. வாக்களித்தபின் அதே குறி பொதுப் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் அதைத் தாளில் எழுதிவைத்து, பட்டியலோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார். மென்பொருளே வாக்கை மாற்றிவிடுமோ என்று ஐயப்படுபவர், செலுத்துவதற்கு முன் சீட்டைத் தணிக்கைக்காகத் திறந்து பார்க்கலாம்; திறந்த சீட்டு செல்லாது என்பதால் புதிதாக மறையாக்கம் செய்தே செலுத்த வேண்டும். எண்ணும்போதும் தனித்தனி வாக்குகள் திறக்கப்படுவதில்லை. மறையாக்கிய நிலையிலேயே கூட்டப்பட்டு, மொத்தம் மட்டுமே வெளிப்படுகிறது.

உறுப்பினர் எண்ணிக்கையைப் பற்றிக் கவலை வேண்டாம். பெல்ஜியத்தின் லூவாங் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 2009இல் தன் தலைவர் தேர்தலுக்கு, ஏறத்தாழ 25,000 வாக்காளர்களுக்காக, இதைத் தகவமைத்துப் பயன்படுத்தியது. ஆனால் வீட்டில் பக்கத்தில் நின்று வற்புறுத்துபவரை எந்த மறையாக்கமும் தடுக்காது. மீண்டும் வாக்களித்தால் கடைசி வாக்கே கணக்கில் சேரும் என்பது ஓரளவு ஆறுதல்தான். அதனால் பொதுத் தேர்தலுக்கு நம் நாட்டின் காகிதச் சீட்டும் மறைப்புக்குள் வாக்களிக்கும் முறையுமே ஏற்றவை என்பது என் உறுதியான கருத்து.

மிகுந்த கவனம் தேவைப்படுவது சாவிக் காப்பாளர்கள் விஷயத்தில். மறையாக்கிய மொத்தத்தைத் திறக்கும் இரகசியக் கணினிக் குறியீடே சாவி; அதை வைத்திருப்பவர்களே காப்பாளர்கள். நியமிக்கப்பட்ட அத்தனை பேரும் தத்தம் சாவியைக் கொடுத்தால்தான் முடிவு திறக்கும். 2025இல் பன்னாட்டு மறையியல் ஆய்வுக் கழகம் இதன் வழியாக நடத்திய தேர்தலில் மூன்று காப்பாளர்களுள் ஒருவர் சாவியைத் தொலைத்துவிட, முடிவை அறிய வழியின்றி மறுதேர்தல் நடத்த வேண்டியதாயிற்று. மறையியல் வல்லுநர்களுக்கே நேர்ந்தது நமக்கும் நேரலாம். ஆகவே போட்டியிடாத இருவர் அல்லது மூவரை மட்டும் நியமியுங்கள்; ஒவ்வொருவரும் சாவியை இரண்டு பென்டிரைவ்களில் படியெடுத்து வெவ்வேறு இடங்களில் வைக்கட்டும்; வாக்குப்பதிவு தொடங்குமுன், சாவியைச் சோதிக்கும் பக்கத்தில் அனைவரும் அதை ஒருமுறை சரிபார்க்கட்டும்.