ஹுவான் ஹில்: ஹுமீயாவிலிருந்து வரும் மிளகு வாசம்

ஸ்பெயினின் வலென்சியாவுக்கு வேலைக்கு வந்த புதிதில் சிவப்பு ஒயின் என்றால் எனக்கு வடக்கே ரியோஹா பகுதியில் செய்வது மட்டும்தான். அதை மாற்றியது இந்த வெள்ளி நிற லேபிள் போட்ட ஹுவான் ஹில். பிரெஞ்சு ஓக் பீப்பாயில் 12 மாதம் இருந்த ஒயின். போன வாரம் 11 யூரோவுக்கு வாங்கினேன்.

கார்க்கை எடுத்ததும் மூக்கில் ஏறுவது மிளகு. அப்புறம் நன்றாகக் கனிந்த நாவல் பழம், கடைசியில் லேசாக அதிமதுரம். வாயில் விட்டால் தண்ணீராக ஓடாமல் நாக்கில் கனமாக உட்காருகிறது. விழுங்கிய பிறகும் ஈறில் துவர்ப்பு நிற்கிறது, கொட்டைப் பாக்கு மென்ற மாதிரி. இங்கே இந்த வகை ஒயினை ‘எஸ்பெசியாதோ’ என்பார்கள். மசாலா வாசம் உள்ளது என்று பொருள். மிளகாய்க் காரத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

எல்லாம் மொனஸ்ட்ரெல் திராட்சையின் வேலை. தோல் தடித்த, தாமதமாகப் பழுக்கும் ரகம். தென்கிழக்கு ஸ்பெயினில், முர்சியா மாநிலத்து ஹுமீயாவில் ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீட்டர் மழைதான். சுண்ணாம்புக் கல் நிலம். கொடியைப் பந்தலில் ஏற்றாமல், தள்ளித் தள்ளி நட்டுக் குட்டைப் புதராக விடுகிறார்கள். காய்ப்பு குறைவு, ஆனால் பழத்தில் சாறு திரண்டிருக்கும். அந்த வெயிலில் சர்க்கரையும் ஏறிவிடுவதால் ஆல்கஹால் 15 சதவீதம் வரை போகிறது.

அதனால்தான் சூடாகக் குடிக்கக் கூடாது. ஆகஸ்டில் ஒரு பாரில் அலமாரியிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றிக் கொடுத்தார்கள். ஆல்கஹால் நெடி தவிர வேறு எதுவும் தெரியவில்லை. வீட்டில் 20 நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, திறந்து அரை மணி நேரம் கழித்து ஊற்றுகிறேன்.

கஸ்பாச்சோ என்றதும் குளிர்ந்த தக்காளி சூப் நினைவுக்கு வரும். ஹுமீயாவில் அது வேறு: முயல் கறியைக் குழம்பாக்கி, தட்டை ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, ஊறியதும் சுடச்சுடத் தருகிறார்கள். ரொட்டி குடித்த அந்தக் கொழுப்பை இந்தத் துவர்ப்பு சுத்தமாக வழித்தெடுக்கிறது. அங்கே ஒரு மதியம் அப்படிச் சாப்பிட்டதிலிருந்து ஆட்டுக்கறி செய்யும் நாளில் எல்லாம் இதையே தேடுகிறேன். மீனோடு வேண்டாம், மீன் காணாமல் போய்விடும்.

பாதி மிஞ்சினால் கார்க்கை அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் துவர்ப்பு தணிந்து, நாவல் பழம் முன்னால் வருகிறது.