நுரையீரல் கடைசியில்: ஒரு செஸ்ட் எக்ஸ்ரே வகுப்பு

ரேடியாலஜிஸ்ட் காலையில்தான் வருவார், அதுவரை பிலிமும் நீங்களும்தான் என்கிற மாதிரி ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்ப்பவர்களுக்கான ஆன்லைன் வகுப்பு இது. எல்லாம் பதிவு செய்த வீடியோ. கட்டணம் 1,500 ரூபாய், கொடுக்கலாம்.

முதல் இரண்டு வீடியோவில் ஆசிரியர் நுரையீரல் பக்கமே போவதில்லை. பெயர், தேதி, இடது வலது குறி, படம் பி.ஏ.வா (கதிர் முதுகுப் பக்கமிருந்து போனது) ஏ.பி.யா (மார்புப் பக்கமிருந்து போனது), மூச்சை நன்றாக இழுத்திருக்கிறாரா என்றே போகிறது. எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரே ஆளை நேராகவும் லேசாகத் திரும்பியும் நிற்க வைத்து எடுத்த இரண்டு படங்களைக் காட்டினார். இரண்டாவதில் காறை எலும்புகளின் உள்முனைகள் முதுகெலும்பு நடுக்கோட்டிலிருந்து சம தூரத்தில் இல்லை. அவ்வளவுதான், நோயே இல்லாத நுரையீரலில் ஒரு பக்கம் கறுத்தும் மறுபக்கம் வெளுத்தும் தெரிகிறது.

பிறகு மூச்சுக்குழாய், இதயம், ஹைலம் (மூச்சுக்கிளையும் ரத்தக்குழாய்களும் நுரையீரலுக்குள் நுழையும் இடம்; இடது சற்று மேலே இருப்பதுதான் இயல்பு), உதரவிதானம், எலும்புகள். நுரையீரல் கடைசியில். அதையும் முடித்துவிட்டு, கண் தவறவிடும் இடங்களுக்கு மறுபடி ஒரு சுற்று: நுரையீரலின் மேல் நுனிகள், இதயத்துக்குப் பின்புறம், உதரவிதானத்துக்குக் கீழே. பைக் விபத்துப் படம் ஒன்றில் காறை எலும்பு முறிந்திருப்பது பளிச்சென்று தெரிகிறது. ‘சரி, கிடைச்சாச்சு’ என்று மனசு அங்கேயே நின்றுவிடும். அவர் நிற்கவில்லை, அதே பக்க நுனியில் மயிரிழை போல ஒரு கோடு, அதற்கு வெளியே ரத்தக்குழாய் நிழலே இல்லை. நியூமோதோராக்ஸ், அதாவது நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் நடுவே காற்று புகுந்திருக்கிறது. இந்த ஒரு பாடத்துக்கே காசு சரியாகிவிட்டது.

குறை என்றால் போர்ட்டபிள் படங்கள். ஐ.சி.யூ.வில் நாங்கள் பார்ப்பது பெரும்பாலும் படுக்கையிலேயே எடுத்த ஏ.பி. படம். அதில் இதயம் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். மார்பு அகலத்தில் பாதிக்கு மேல் போனால் இதயம் பெரிது என்ற பி.ஏ. கணக்கை அப்படியே போட முடியாது. மல்லாந்து படுத்தவருக்கு நுரையீரலைச் சுற்றிச் சேர்ந்த நீர் பின்பக்கம் பரவிவிடுவதால், உதரவிதானமும் விலாவும் சேரும் ஓர மூலை மழுங்காமல் அந்தப் பக்கம் முழுக்க மங்கலாக மட்டும் தெரியலாம். இதையெல்லாம் பத்தே நிமிடத்தில் ஓட்டிவிடுகிறார். லேட்டரல் படம் (பக்கவாட்டில் எடுப்பது) ஒன்றுகூட இல்லை.

டீ.பி. பகுதி பரவாயில்லை. நுனியில் தழும்பு தெரிந்தால் பழைய பிலிமைக் கேட்டு வாங்குங்கள் என்று விடாமல் சொல்கிறார். நோயாளி அதை வீட்டுப் பரணில் போட்டிருப்பார் என்பது வேறு விஷயம்.

வாங்கினால் கம்ப்யூட்டரில் பாருங்கள். போனில் அந்த நியூமோதோராக்ஸ் கோடு தெரியவே தெரியாது.