முதல் துப்பாக்கி: ஷாட்கன்னா, பிஸ்டலா, கார்பைனா?

அமெரிக்காவில் கிரீன் கார்டு வந்து, சொந்த வீடும் வாங்கிய பிறகு நம்மவர்கள் சிலர் கேட்க ஆரம்பிக்கும் கேள்வி இது. வீட்டுப் பாதுகாப்புக்கு ஒரு துப்பாக்கி வாங்கலாம் என்று இருக்கிறேன், இதுவரை தொட்டதுகூட இல்லை, எதை வாங்கலாம்? கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவரைக் கேட்டால் அனேகமாக இரண்டு பதில்தான் வரும். ஆண் கேட்டால் 12 கேஜ் பம்ப் ஷாட்கன் (முன்பிடியை இழுத்துத் தள்ளி ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றும் தடித்த குழல் துப்பாக்கி, கேஜ் என்பது குழலின் அளவு), பெண் கேட்டால் கைக்கு அடக்கமான சின்ன ரிவால்வர். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இரண்டுமே தவறான தேர்வு என்பதுதான் என் கருத்து.

ஆனால் சட்டம் முதலில். எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை 1998 முதல் மத்தியச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் நண்பர் சொன்னார் என்று அதை நம்பிக் கடைக்குப் போகாதீர்கள். மாட்டினால் கிரிமினல் வழக்கோடு குடியேற்றமும் போய்விடும், அதனால் வக்கீலிடம் கேட்ட பிறகுதான் மற்றதெல்லாம். கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். உரிமம் பெற்ற கடையில் நீள்துப்பாக்கிக்கு (ஷாட்கன், ரைஃபிள்) 18 வயது, கைத்துப்பாக்கிக்கு 21. அதற்கு மேல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு கதை: கலிபோர்னியாவில் எழுத்துத் தேர்வும் 10 நாள் காத்திருப்பும், இல்லினாயில் முதலில் ஒரு அடையாள அட்டை, நியூ ஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனி அனுமதி. டெக்சாஸில் இதெல்லாம் இல்லை.

சரி, ஷாட்கன். மாஸ்பெர்க் 500, ரெமிங்டன் 870 இரண்டும் பல தலைமுறை பார்த்த நல்ல துப்பாக்கிகள், மாவெரிக் 88 இன்னும் மலிவு, 250 டாலர் சுமாருக்குக் கிடைக்கும். விலைதான் பாதிப் பேரை அந்தப் பக்கம் இழுக்கிறது. மீதிப் பேரை இழுப்பது இரண்டு நம்பிக்கைகள். ஒன்று, பம்ப்பை இழுக்கும் சத்தம் கேட்டாலே திருடன் ஓடிவிடுவான் என்பது. ஓடலாம், ஓடாமலும் போகலாம், நீங்கள் எந்த அறையில் இருக்கிறீர்கள் என்பதை அவனுக்குச் சொல்லிவிட்டீர்கள் என்பது மட்டும் நிச்சயம். இரண்டாவது, குறி பார்க்கவே வேண்டாம், குண்டுகள் சிதறி எப்படியும் பட்டுவிடும் என்பது. ஒரு படுக்கையறைக்குள் இருக்கும் தூரம் நாலைந்து மீட்டர். அந்தத் தூரத்தில் ஷாட்கன் தோட்டாவுக்குள் இருக்கும் பெரிய ஈயக் குண்டுகளான பக்‌ஷாட் உள்ளங்கை அளவுதான் விரியும், நல்ல தோட்டாவாக இருந்தால் அதைவிடக் குறைவு. குறி பார்த்தே ஆக வேண்டும். அதுவும் ஒரு தடவை சுட்டால் தலா 8.4 மி.மீ. விட்டமுள்ள எட்டு ஒன்பது ஈயக் குண்டுகள் கிளம்புகின்றன, அவை ஒவ்வொன்றும் எங்கே போய் நின்றாலும் பொறுப்பு உங்களுடையது.

உண்மையான சிக்கல் கையாள்வதில் இருக்கிறது. சுடும் பயிற்சி இடமான ரேஞ்சில் ஷாட்கன் வாடகைக்கு எடுக்கும் புதியவர்களைக் கவனித்தால் தெரியும். முதல் வெடியில் தோள் பின்னுக்குப் போகும், உடம்பு சாயும், அடுத்த தடவை பம்ப்பை இழுக்கும்போது கை தயங்கி முக்கால்வாசியில் திரும்பிவிடும். காலித் தோட்டா வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும், அல்லது அடுத்தது ஏறாமல் டிரிகர் வெறுமனே கிளிக் என்னும். பட்டப்பகலில், பக்கத்தில் பயிற்சியாளர் நிற்கும்போதே இப்படி. இன்னொன்று, கடையில் வரும் சாதாரணக் கட்டை, அதாவது தோளில் ஊன்றும் பின்பகுதி, டிரிகரிலிருந்து பின்முனை வரை 14 அங்குலம் சுமாருக்கு இருக்கும், ஐந்தடி உயரமுள்ள ஒருவர் அதைத் தோளில் வைத்தால் முன்கை பம்ப்புக்கு எட்டாது. ஷாட்கன்தான் வேண்டும் என்று தீர்மானித்துவிட்டால் 12-ஐவிடக் குழல் சிறிய 20 கேஜும் குட்டைக் கட்டையும் வாங்குங்கள், உதைப்பு நன்றாகவே குறையும்.

சின்ன ரிவால்வரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து தோட்டா, குட்டைக் குழல், ஒவ்வொரு தடவையும் ஐந்து கிலோ அளவுக்கு விரல் இழுக்க வேண்டிய கனமான டிரிகர், இலேசான உடலாக இருப்பதால் அதில் போடும் .38 ஸ்பெஷல் தோட்டாவே கையைச் சுளீரென்று அடிக்கும். அனுபவசாலிகள் பையில் வைத்துக்கொள்ளும் ஆயுதம் அது. பெண் என்பதால் சின்னது கொடுப்போம் என்ற யோசனையைத் தயவுசெய்து விடுங்கள், துப்பாக்கி சின்னதாக ஆக உதைப்பு கூடத்தான் செய்யும்.

9 எம்.எம். பிஸ்டல் வேறு விஷயம். க்ளாக் 19-இல் 15 தோட்டா, க்ளாக் 17-இல் 17. வீட்டுக்கென்றால் பெரியதே நல்லது, கனம் உதைப்பைத் தின்றுவிடும், பிடி கைக்கு நிறையும். ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் கதவைத் திறக்கலாம், போனில் 911 அழைக்கலாம், குழந்தையைத் தூக்கலாம். நீள்துப்பாக்கியோடு இதெல்லாம் பெரும்பாடு. பாதகமும் பெரியது: ஷாட்கன், பிஸ்டல், கார்பைன் மூன்றிலும் சுடக் கடினமானது இதுதான். கையின் சின்ன அசைவு ஏழு மீட்டரில் அரை அடி விலகலாகிவிடும், டிரிகரை இழுக்காமல் வெடுக்கென்று பறித்தால் குண்டு கீழே போகும். பழகினால் சரியாகும், பழகாதவரை சரியாகாது. ஸ்லைடை, அதாவது தோட்டா ஏற்றப் பின்னுக்கு இழுக்கும் மேல்பகுதியை, இழுக்க விரல்களில் வலு இல்லாதவர்கள், மூட்டுவலி உள்ள பெரியவர்கள், ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு ஈ.இசட். மாடலைப் பார்க்கலாம். 9 எம்.எம்.மில் எட்டுத் தோட்டா பிடிக்கும் மேகசின் (தோட்டா அடுக்கிச் செருகும் பெட்டி), ஸ்லைடு லேசாக வரும், பிடியைச் சரியாகப் பிடித்தால்தான் சுடும்.

கார்பைனுக்கு, அதாவது தோளில் வைத்துச் சுடும் குட்டை ரைஃபிளுக்கு, வருவோம். ரூகர் பி.சி. கார்பைன் என்று ஒன்று இருக்கிறது, 9 எம்.எம். தோட்டா, 16 அங்குலக் குழல், மூன்று கிலோ சுமார் எடை, க்ளாக் மேகசினும் போடலாம். தோள், கன்னம், இரண்டு கைகள் என்று நான்கு இடத்தில் பிடிமானம் கிடைப்பதால், முதல் நாளே புதியவர் கிட்டத்தட்ட வைத்த இடத்தில் சுடுகிறார். பிஸ்டலில் மாதக்கணக்கில் வராத நம்பிக்கை இதில் அரை மணி நேரத்தில் வருகிறது. நீளக் குழல் என்பதால் அதே தோட்டா பிஸ்டலைவிடச் சத்தம் குறைவாகவும் இருக்கும். ஏ.ஆர்-15 ரைஃபிளும் சுட இதே அளவு சுலபம், 5.56 தோட்டாவுக்கு உதைப்பு ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு, காயத்தின் அளவில் பிஸ்டல் தோட்டா அதன் பக்கத்தில் வர முடியாது. ஆனால் மூடிய ஹாலில் அதன் சத்தம் காதை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். அப்புறம் கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, இல்லினாய், வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் வழக்கமான வடிவில் வாங்கவே முடியாது. அந்த மாநிலங்களில் கார்பைனுக்கும் என்ன கட்டுப்பாடு என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சுவர் விஷயத்தில் நம்மவர்கள் கூடுதலாகக் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஊரில் செங்கல் சுவருக்குள் வளர்ந்தவர்கள் நாம். இங்கே உள்சுவர் என்பது மரச்சட்டத்தின் இரு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகை, அவ்வளவுதான். ஆளை நிறுத்தக்கூடிய எந்தத் தோட்டாவும் அப்படிப்பட்ட பல சுவர்களைத் தாண்டும். உடம்பில் பட்டதும் விரிவதற்காக முனையில் குழி வைத்த ஹாலோ பாயின்ட் தோட்டாவின் குழிக்குள் ஜிப்சம் அடைத்துக்கொண்டால் அது விரியாமல் சாதாரணக் குண்டு மாதிரி போய்க்கொண்டே இருக்கும். பக்‌ஷாட்டும் அப்படித்தான். ரைஃபிள்தான் அதிகம் துளைக்கும் என்று எல்லோரும் நினைப்பார்கள், ஆனால் ஏ.ஆர்-15-இல் போடும், சரியான இலேசான .223 தோட்டா பலகையில் பட்டுப் புரண்டு உடைந்து, பல சோதனைகளில் மற்ற இரண்டைவிடச் சீக்கிரம் வேகம் இழக்கிறது. அதற்காக அது பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். குழந்தைகள் அறை எந்தப் பக்கம், பக்கத்து வீட்டின் படுக்கை எந்தப் பக்கம் என்று பகலிலேயே நின்று பார்த்து, எந்தத் திசையில் சுடவே கூடாது என்று முடிவுசெய்து வையுங்கள். எதை வாங்கினாலும் விளக்கு ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். இருட்டில் தெரியும் உருவம் தண்ணீர் குடிக்க எழுந்த உங்கள் மகனாக இருக்கலாம்.

எனக்கு முடிவைத் தீர்மானிப்பது சுடும் வசதி இல்லை, பூட்டி வைக்கும் வசதி. கார்பைன் சுடச் சுலபம், ஆனால் கட்டிலருகே அதைப் பூட்டி வைத்து நொடிகளில் எடுக்கக்கூடிய பெட்டி பெரியது, விலையும் அதிகம். அதனால்தான் பலர் அலமாரிக்குள் சும்மா சாய்த்து வைத்துவிடுகிறார்கள். பிஸ்டலுக்கு ஒரு சின்ன இரும்புப் பெட்டி போதும், கட்டில் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கி, பொத்தான்களைத் தொட்டே இருட்டில் திறந்துவிடலாம். டெக்சாஸில் அஜாக்கிரதையாக வைத்த குண்டேற்றிய துப்பாக்கி 17 வயதுக்குட்பட்டவர் கையில் கிடைத்துவிட்டாலே வைத்தவர் மீது குற்றம். அதைவிட முக்கியமான ஒன்று: இந்த நாட்டில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். வீட்டில் யாராவது மனச்சோர்வில் இருந்தால், பிள்ளை பள்ளியில் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தால், இப்போது வாங்காதீர்கள். கதவுச் சட்டத்துக்கு மூன்று அங்குல ஸ்க்ரூ போடுங்கள், வெளியே விளக்கு, கேமரா, அலாரம் வையுங்கள்.

ஆகவே சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு, பயிற்சி எடுக்கத் தயாராக இருப்பவருக்கு, முழு அளவு 9 எம்.எம். பிஸ்டல். குழந்தைகள் இல்லாமல் தம்பதி மட்டும் இருக்கும் வீட்டில், நல்ல பெட்டிக்கும் செலவு செய்ய முடியுமென்றால் 9 எம்.எம். கார்பைன். வீட்டில் யாருக்குக் கை சின்னதோ, வலு குறைவோ, அவர் வாடகைத் துப்பாக்கியை ரேஞ்சில் சுட்டுப் பார்த்துச் சரி என்று சொல்லட்டும், அதன் பிறகு வாங்குங்கள். 1,000 டாலர் ஒதுக்கினால் துப்பாக்கிக்கு 550-ஐத் தாண்டாதீர்கள். பெட்டிக்கு ஒரு 150, விளக்குக்கும் காதுக் கவசத்துக்கும் 100, மிச்சம் இருப்பதை அடிப்படை வகுப்புக்கும் பயிற்சித் தோட்டாவுக்கும் வையுங்கள்.