காரைக்குடியில் பழைய விமான கிட் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் பீங்கான் ஜாடிக்கும் எனாமல் தூக்குக்கும் நடுவே எப்போதாவது ஒரு பிளாஸ்டிக் விமான கிட், அதாவது பாகங்களை ஒட்டி நாமே மாதிரி விமானம் கட்டும் பெட்டி, கண்ணில் படும். மேலே பளபளவென்று பிளாஸ்டிக் தாள் சுற்றியிருந்தால், பிரிக்காத பெட்டி என்று நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். எனக்கு அப்படி ஒன்றை 4,500 ரூபாய்க்குத் தலையில் கட்டிவிட்டார்கள்.

பெட்டியின் மேல் இருந்த படம் நம் விமானப்படையின் 'நாட்' (Gnat) என்ற சின்னப் போர் விமானம். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானத்தில் நிர்மல்ஜித் சிங் செகோன் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை எதிர்த்து உயிரை விட்டது இந்த வகை விமானத்தில்தான். விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்ற ஒரே வீரர் அவர். அவர் ஓட்டிய நாட் விமானத்தை 1/72 அளவில், அதாவது நிஜத்தில் 72-ல் ஒரு பங்காக, கட்டிவைக்க வேண்டும் என்பது எனக்கு வெகுநாள் ஆசை. "செட்டியார் வீட்டுப் பரண்ல இருந்ததுண்ணே, சிங்கப்பூர்ல வாங்குனது. பிரிச்சா மதிப்பு போயிரும்" என்று கடைக்காரர் கடைசிவரை திறக்க விடவில்லை.

வீட்டில் பிரித்தால் உள்ளே இரண்டு இருக்கை! அது பயிற்சி நாட். பிரிட்டனின் ரெட் ஆரோஸ் சாகசக் குழு 1979 வரை ஓட்டியது. பெயர்தான் ஒன்று. செகோனின் ஒற்றை இருக்கை நாட் விமானத்துக்கு இறக்கை நுனிக்கு நுனி 6.73 மீட்டர், இதற்கு 7.32. உடலும் நீளம், விமானி தலைக்கு மேல் வரும் கண்ணாடி மூடியான கேனப்பியும் வேறு. அறுத்து ஒட்டி மாற்றுகிற காரியம் இல்லை.

அதோடு விட்டதா? பாதி பாகங்கள் அவை கோத்து வரும் பிளாஸ்டிக் ஃபிரேமிலிருந்து ஏற்கெனவே நறுக்கப்பட்டிருந்தன. சூப்பர் க்ளூ ஆவி பட்டுக் கேனப்பி வெள்ளையாகப் பூத்திருந்தது. விமானத்தில் ஒட்டும் எண்களும் சின்னங்களும் அச்சிட்ட டெக்கல் தாள் மஞ்சளடித்துக் கிடந்தது. அதில் ஒரேயொரு இலக்கத்தை மட்டும் வெட்டித் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், தூள்தூளாகிவிட்டது. செய்முறைத் தாளைக் காணவே காணோம். அது இருந்தால் எந்த விமானம் என்று முதல் பக்கமே சொல்லிவிடும். இது தெரிந்தே செய்த வேலை என்று நான் உறுதியாகச் சொல்வது அதனால்தான். சுற்றியிருந்த தாளும் புதுசு. ஒரு ஹேர் ட்ரையர் இருந்தால் அதை யார் வேண்டுமானாலும் சுற்றலாம்.

திருப்பிக் கொண்டுபோனேன். "ரெண்டும் நாட்தானே அண்ணே, பழைய சாமானுக்கு ரிட்டர்ன் கிடையாது." பில் என்று தந்த துண்டுச்சீட்டில் 'பழைய பொம்மை' என்று மட்டும் எழுதியிருந்தது. அதை வைத்துக்கொண்டு எங்கே போய்ப் புகார் கொடுப்பது?

பணத்தை எடுக்கும் முன் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். இருக்கை எத்தனை என்று பாருங்கள், ஸ்கேல் வைத்து இறக்கையை அளந்து பாருங்கள். 1/72-ல் ஒற்றை இருக்கை நாட் சுமார் 9.3 செ.மீ. வரும், பயிற்சி நாட் 10.2. பில்லில் விமானத்தின் பெயரும் அளவும் எழுதி வாங்குங்கள். திறக்க மாட்டேன் என்றால் அப்படியே வந்துவிடுங்கள். அதே அலமாரியில், அதே மாதிரிப் புதுத் தாள் சுற்றி, ஹண்டர் என்ற இன்னொரு போர் விமானத்தின் பெட்டியும் விலைக்கு இருக்கிறது.